அருண்பாண்டி தொடாத போல்ட்

அருண்பாண்டியின் வாயில் 'தெரியலை' என்ற ஒரு சொல் மட்டும் வராது. பசித்தால் சொல்வான், கோபம் வந்தால் சொல்வான், கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் பெண்டாட்டி மேல் இருக்கிற ஆசையைக் கூச்சமில்லாமல் சொல்வான். ஆனால் ஒரு சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தி, இதற்கு என்ன கோளாறு என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் "பாத்துருவோம்ணே" என்றுதான் பதில் வரும். அப்படிச் சொல்லிச் சொல்லியே மேலே வந்த ஆள். பெரும்பாலும் பார்த்தும்விடுவான். அதனால் அந்தப் பழக்கத்தில் ஒரு குறை இருப்பதாக யாருக்கும் படவில்லை, அவன் பெண்டாட்டி இசைவாணி உட்பட.

பேரையூருக்கு மேற்கே ஒரு மானாவாரிக் கிராமம் அவனுக்கு. அப்பா கண்ணுச்சாமி அடுத்தவர் பருத்திக்காட்டில் கூலிக்கு நின்றவர், பின்னால் சொந்தமாகக் கொஞ்சம் கரிசல் வாங்கிச் சோளம் போட்டவர். மகனை ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்க வைத்தார். படிப்பு முடிந்ததும் பையன் மில்லுக்குப் போவான் என்று அவர் பார்த்திருக்க, அவன் திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பஞ்சர் கடையில் போய் உட்கார்ந்துகொண்டான். இதற்கா படிக்க வைத்தோம் என்று வீட்டில் ரொம்ப நாள் முணுமுணுப்பு இருந்தது. அப்புறம் பாண்டியராஜன் என்பவர் பசுமலையில் ரேஸ் சைக்கிள் கடை ஒன்று திறந்தார். கண்ணாடிக் கதவு, ஏ.சி., சுவரெல்லாம் தொங்கும் வண்டிகள். ஆள் தேவை என்று கேள்விப்பட்டு இவன் போய் நின்றான். கியர் வேலையெல்லாம் தெரியுமா என்று அவர் கேட்டார். பதில் என்ன வந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று முதல் அந்தக் கடைக்கு அவன்தான் மெக்கானிக்.

சேர்ந்த புதிதில் ஒரு காரியம் நடந்தது. கார்பனில் செய்த பிரேம் பார்வைக்கு இரும்பு போலத்தான் இருக்கும். கையில் எடுத்தால்தான் வித்தியாசம் தெரியும், ஒரு விரலில் தூக்கிவிடலாம். அப்படி ஒரு வண்டியில் சீட்டுக் கம்பியைப் பிடிக்கும் கிளாம்பை, பஞ்சர் கடை கைப்பழக்கத்தில், இன்னும் ஒரு சுற்று இருக்கட்டும் என்று இறுக்கினான். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. மயிரிழை அளவுக்கு ஒரு கீறல், அவ்வளவுதான். பிரேம் போச்சு. பாண்டியராஜன் ஒரு வார்த்தை திட்டவில்லை. வாடிக்கையாளருக்கு வேறு பிரேம் வரவழைத்துக் கொடுத்தார், கீறின பிரேமைப் பட்டறைச் சுவரில் இவன் தலைக்கு நேர் மேலே மாட்டிவைத்தார்.

திட்டியிருந்தால் நாலு நாளில் மறந்திருப்பான். தினமும் அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்ததில், கார்பன் என்றாலே கை தானாகத் தளர்ந்துபோகும் நிலைக்கு வந்துவிட்டான். எவ்வளவு இறுக்கலாம் என்று அளவு காட்டும் ஸ்பேனரைப் பாண்டியராஜன் வாங்கிக் கொடுத்த பிறகும், அது போதும் என்று சொல்வதற்கு முன்பே இவன் நிறுத்திவிடுவான். திருக வேண்டிய இடத்தில் தடவிக்கொண்டிருப்பான். இந்தப் பயத்தை அவன் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டிருந்தால் பக்குவம் என்று பெயர் வைத்திருப்பான்.

இசைவாணி அந்தக் கடைக்கு டயர் மாற்ற வந்தவள். அவளுக்கும் பேரையூர் பக்கம்தான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே மாவட்ட சைக்கிள் பந்தயங்களில் ஓட்டியவள். கல்லூரியில் மாநில அளவில் பதக்கம் வாங்கினாள். டயர் மாற்றும் நேரத்தில் ஆரம்பித்த பேச்சு, இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து தாம்பூலம் மாற்றுவதில் போய் முடிந்தது. திருமங்கலத்தில் வாடகை வீடு. அங்கேயே ஒரு தனியார் பள்ளியில் அவள் விளையாட்டு டீச்சர், அதுவும் நிரந்தரமில்லாத வேலை.

விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசுத் துறை ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி இந்த வருஷத் தொடக்கத்தில் வந்தது. பெண்களுக்கு ஒரே ஒரு ரோடு பந்தயம், முதல் மூன்று பேருக்கு வேலை. அடுத்த முறை எடுக்கும்போது இசைவாணிக்கு வயது தாண்டிவிடும். ஆகவே இதுதான் அவளுக்குக் கடைசி. இன்னொன்றும் இருந்தது. பந்தயப் பாதை அவள் சின்ன வயதிலிருந்து மிதித்த பாதை. பேரையூரில் ஆரம்பித்து, சமவெளியைச் சுற்றிவந்து, மல்லப்புரம் பக்கம் மலை ஏறுகிற ரோட்டில் மேலே போய் முடிகிறது. "இந்த மேட்டுல எனக்கு எல்லாக் குழியும் தெரியும் மாமா" என்று அவள் சிரித்தாள். அன்றைக்கு வீட்டில் பிரியாணி.

பந்தயத்துக்கு நல்ல வண்டி வேண்டும். ஷ்யாம் என்று கடைக்கு வழக்கமாக வருகிற ஒருவர், வங்கி அதிகாரி, புது வண்டி எடுத்ததால் பழையதைக் கொடுக்க நினைத்திருந்தார். முழுக் கார்பன், அதிலும் கியரெல்லாம் எலக்ட்ரானிக். அதைத்தான் இசைவாணிக்கு வாங்கினார்கள். அருண்பாண்டி அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

இந்த எலக்ட்ரானிக் கியரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். மிதிக்கட்டையோடு இரண்டு பல்சக்கரங்கள் இருக்கும், பெரியது ஒன்று, சின்னது ஒன்று. சமதரையில் பறக்கப் பெரியது, மேடு ஏறச் சின்னது. செயினை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளிவிடுவதுதான் முன் டீரெய்லர். இரண்டு தகடுகளுக்கு நடுவே செயின் ஓடும், தகடு நகர்ந்தால் செயினும் நகரும். சாதாரண வண்டியில் அதை ஒரு ஒயர் இழுக்கும். இதில் சின்ன மோட்டார். கைப்பிடியில் இருக்கும் பட்டனை அமுக்கினால் 'ஜ்ஜிக்' என்று ஒரு சத்தம், செயின் இடம் மாறிவிடும். மோட்டாருக்கு வலு அதிகம். அது தள்ளுகிற வேகத்தில் டீரெய்லரே அசைந்து கோணிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, பக்கவாட்டில் ஒரு சின்ன போல்ட் வைத்திருக்கிறார்கள். அதைத் திருகத் திருக அதன் முனை பிரேமில் போய் முட்டி நிற்கும். தகடு பல்சக்கரத்துக்கு நேராக நிற்பதும் அந்த முட்டலை வைத்துத்தான்.

பிரேமில் முட்டும். அதுவும் கார்பன் பிரேமில்.

எலக்ட்ரானிக் வண்டிகள் கடைக்கு எப்போதாவது வரும், வரும்போது கம்பெனியிலேயே எல்லாம் பொருத்தி வரும். ஷ்யாம் வண்டியைத்தான் அருண்பாண்டி முதல் முறையாக முழுக்கப் பிரித்துச் சுத்தம் செய்து பூட்டினான். செல்போனில் ஒரு வீடியோவை வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்துச் செய்தான். உயரம் சரி, தகட்டுக்கும் செயினுக்கும் நடுவே விட வேண்டிய சந்து சரி. அப்புறம் அந்த வீடியோக்காரன் பக்கவாட்டு போல்ட்டைப் பிரேமில் முட்டும்வரை சாவகாசமாகத் திருகினான். பார்த்துக்கொண்டிருந்த இவன் வீடியோவை நிறுத்தினான். தலைக்கு மேலே தொங்கும் பிரேமை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். தன் வண்டியில் அந்த போல்ட் முட்ட வேண்டிய இடத்தில் காய்ந்துபோன பசைத் தடம் ஒன்று மட்டும் இருந்தது, ஏதோ ஸ்டிக்கர் உரிந்த மாதிரி. அது என்ன என்று அவனுக்குத் தெரியவில்லை. பாண்டியராஜனைக் கேட்டிருக்கலாம். ஷ்யாமுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். கேட்டால் தெரியாது என்று ஆகிவிடுமே. போல்ட்டைத் தொடாமல் விட்டுவிட்டு, தகட்டைப் பட்டனாலேயே துளித்துளியாக நகர்த்திச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தான்.

ஸ்டாண்டில் மாட்டி மிதிக்கட்டையைக் கையால் சுற்றிப் பார்த்தான். பெரியதிலிருந்து சின்னதுக்கும் சின்னதிலிருந்து பெரியதுக்கும் செயின் அழகாகத் தாவியது. அவனுக்கு நிம்மதியாகிவிட்டது. ஆள் ஏறி மிதிக்காமல் காற்றில் சுற்றுகிற சக்கரம் யார் சொன்ன பேச்சையும் கேட்கும் என்பது ஒரு மெக்கானிக்குக்குத் தெரியாத விஷயமா? தெரிந்துதான் இருந்தது. அவன் அதை நினைக்க விரும்பவில்லை.

இரண்டாவது வாரத்திலேயே செயின் விழுந்தது. மலையடிவாரத்தில் வேகமாக வந்து, மேடு தொடங்கும் இடத்தில் இசைவாணி சின்னதுக்கு இறக்கப் பட்டனை அமுக்கியிருக்கிறாள். செயின் சின்னச் சக்கரத்தையும் தாண்டி உள்ளே பிரேமுக்கும் சக்கரத்துக்கும் நடுவே போய் விழுந்துவிட்டது. மிதித்த காலுக்கு எதிர்ப்பே இல்லாமல் வெறும் கட்டை சுற்ற, ஆள் பக்கவாட்டில் ரோட்டில் சரிந்தாள். முழங்கையும் இடுப்பும் தோல் உரிந்துபோய் வீட்டுக்கு வந்தாள்.

மஞ்சளைக் குழைத்துக்கொண்டே அருண்பாண்டி கேட்டான். "எப்படி அமுக்குன?"

"எப்பவும் போலத்தான் மாமா. மிதிச்சுக்கிட்டே அமுக்குனேன்."

அங்கேதான் அவனுக்கு ஒரு வழி கிடைத்தது. தேடிப் போகாமல் தானாக வந்து காலடியில் விழுந்த வழி.

"அதான். மேட்டுல அழுத்தி மிதிச்சுக்கிட்டு அமுக்குனா எந்தச் செயினும் விழத்தான் செய்யும். கால லேசா விட்டுட்டு அமுக்கணும். உன் காலுதான் தப்பு."

சாதாரண ஒயர் கியருக்கு அது உண்மைதான், பாதி உண்மை. இந்தக் கியருக்கு அது வெறும் சப்பைக்கட்டு. இசைவாணி அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு சரி என்று தலையாட்டினாள். சைக்கிள் விஷயத்தில் அவன் சொன்னால் அவளுக்கு வேதவாக்கு. ஊரில் வேறு யார் சொல்லியிருந்தாலும் மூஞ்சிக்கு நேரே இல்லை என்றிருப்பாள், பிறவியிலேயே அப்படிப்பட்ட வாய். இவனிடம் மட்டும் மறுபேச்சு கிடையாது.

மறுநாளிலிருந்து அவள் காலைத் திருத்த ஆரம்பித்தாள். மேட்டுக்கு முன்னால் மிதியை லேசாக்கி, ஒரு கணம் தளர்த்தி, பட்டனை அமுக்கி, செயின் இறங்கிவிட்டதா என்று குனிந்து பார்த்து, அப்புறம் மறுபடியும் அழுத்தி. இத்தனை வருஷமாக யோசிக்காமல் சுற்றிய கால் இப்போது யோசித்துச் சுற்றியது. பல நாள் சரியாக இறங்கும். சரியாகிவிட்டது என்று நினைக்கும்போது ஒரு நாள் விழும். விழுகிற அன்றெல்லாம் வீட்டுக்கு வந்து, "இன்னைக்கும் நாந்தான் கால விடாம அமுக்கிட்டேன் போல" என்று அவளே சொல்லிவிடுவாள். அவன் கேட்கவும் வேண்டியதில்லை. அவள் அப்படிச் சொல்லும்போது தட்டில் இருக்கிற சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பான், வாய்க்குக் கொண்டுபோக மாட்டான்.

ஒரு நாள் அவள் கேட்டாள். "மாமா, எனக்கு வயசாயிருச்சா? முன்னாடி எல்லாம் இப்படி ஆனதே இல்லையே."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. பழகுனா வந்துரும்."

அன்று அவள் வண்டியைக் கடைக்கு எடுத்துப்போய்த் திரும்ப ஸ்டாண்டில் மாட்டி, தகட்டுக்கும் செயினுக்கும் நடுவே இருந்த இடைவெளியை இன்னும் கொஞ்சம் குறைத்தான், கூட்டினான், திரும்பக் குறைத்தான். போல்ட்டின் மேல் ஸ்பேனரை வைத்தான். வைத்த கையை எடுத்துவிட்டான். அந்தப் பிரேம் கீறினால் வேறு வண்டிக்கு எங்கே போவது, பந்தயம் என்ன ஆகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நியாயமாகத்தான் பட்டது.

பந்தயத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை கடைக்குப் புது வண்டிப் பெட்டி ஒன்று வந்தது. ஷ்யாமுடைய பழைய வண்டியின் அடுத்த மாடல், அதே எலக்ட்ரானிக் கியர். மத்தியானம் பாண்டியராஜன் சாப்பிடப் போயிருந்தார். அருண்பாண்டி பெட்டியைப் பிரித்து வண்டியை வெளியே எடுத்தான். டீரெய்லரைச் சுற்றியிருந்த நுரைத்தாளைக் கழற்றினான். போல்ட் பிரேமில் முட்டும் இடத்தில், விரல் நகம் அளவுக்கு ஒரு மெல்லிய உலோகத் தகடு ஒட்டியிருந்தது. போல்ட் முனை அந்தத் தகட்டில்தான் முட்டி நின்றது, கார்பனில் இல்லை.

அந்தப் பசைத் தடம். அதில் ஒட்டியிருந்தது இதுதான். ஷ்யாம் வண்டியில் எப்போதோ உரிந்து விழுந்திருக்கிறது. இவ்வளவுதான் விஷயம். ஒரு நகம் அளவுத் தகடு. யாரைக் கேட்டிருந்தாலும் ஒரு வரியில் சொல்லியிருப்பார்கள்.

அந்தத் தகட்டை விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்தான். இத்தனை மாதமாக அவள் விழுந்ததும், எழுந்து வந்து தன் காலைத் தானே குறை சொன்னதும், ஒவ்வொன்றாக முன்னால் வந்து நின்றன. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, இதை எப்படிச் சொல்வது என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

பாண்டியராஜன் வந்ததும், "அண்ணே, இந்தத் தகடு தனியா ஒண்ணு கெடைக்குமா?" என்று கேட்டான்.

"பெட்டிக்குள்ள கவர்ல எச்சா ரெண்டு வச்சிருப்பான். எடுத்துக்க. யாரு வண்டிக்கு?"

"சும்மா, நம்ம வண்டிக்குத்தான்."

பந்தயத்துக்கு முன் சுத்தம் செய்ய இசைவாணியின் வண்டியை அன்று கடைக்குத்தான் கொண்டுவந்திருந்தான், சாயங்காலமே வேலை முடிந்துவிட்டது. பழைய பசையைத் துடைத்துத் தகட்டை ஒட்டி, போல்ட்டைத் திருகினான். முனை முட்டிய பிறகு இன்னும் கொஞ்சம். இந்தத் தடவை ஸ்பேனர் போதும் என்று சொல்லும்வரை அவன் நிறுத்தவில்லை. டீரெய்லரின் தகடு மெல்லத் திரும்பி, பல்சக்கரத்துக்கு நேராக, கோடு போட்ட மாதிரி வந்து நின்றது. இது வரை அது சற்றே சாய்ந்திருந்தது என்பதே இப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு பசுமலை மேட்டில் ஏறினான். எழுந்து நின்று, உடம்பின் கனத்தையெல்லாம் காலில் போட்டு மிதித்துக்கொண்டே, வேண்டுமென்றே முரட்டுத்தனமாகப் பட்டனை அமுக்கினான். 'ஜ்ஜிக்.' செயின் இறங்கி உட்கார்ந்தது. எத்தனை தடவை அமுக்கினாலும் உட்கார்ந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு வந்தான். கப்பலூர் தாண்டும்போது முழுசாக இருந்தது. திருமங்கலத்துக்குள் நுழையும்போது பாதியானது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது, பந்தயம் முடியட்டும், இப்போது சொல்லி அவள் மனசைக் கலைக்க வேண்டாம் என்று ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டது. நமக்குப் பிடித்த காரணங்கள் எப்போதுமே நேரத்துக்கு வந்து சேர்ந்துவிடும்.

"முன் கியரச் சரி பண்ணிட்டேன். இனிமே விழாது" என்றான்.

"என்ன கோளாறு?"

"ஒண்ணும் பெருசா இல்ல. சின்னதா ஒரு செட்டிங்."

இசைவாணி வண்டியைத் தடவிப் பார்த்தாள். "சரி மாமா. நானும் பாத்து அமுக்கிக்கிறேன்."

அந்த இடத்தில் 'நீ எப்படி வேண்டுமானாலும் அமுக்கு' என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். அவன், "ஆமா, பாத்து அமுக்கு" என்றான்.

மிச்சமிருந்த நாட்களில் அவள் மேட்டுப் பக்கம் போகவில்லை. பந்தயத்துக்கு முன்னால் காலுக்கு ஓய்வு வேண்டும் என்று சமதரையிலேயே லேசாக மிதித்துவிட்டு வந்தாள். ஆகவே சரியான கியரை அவள் ஒரு தடவைகூடச் சோதித்துப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அருண்பாண்டி மலையடிவாரத்து வனத்துறைச் செக்போஸ்டில் நின்றான். மேடு தொடங்குவது அங்கேதான். மேலே முடிவுக்கோடு வரைக்கும் வண்டி எதுவும் விடவில்லை, போகிறவர்கள் நடந்துதான் போக வேண்டும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முதலில் போலீஸ் ஜீப் வந்தது, பின்னாலேயே பெண்கள். முன்னால் ஆறு ஏழு பேர் ஒரே கூட்டமாக வந்தார்கள், அதில் இசைவாணி இரண்டாவது. குனிந்த முதுகு அசையவில்லை, கால் எண்ணெய் விட்ட மாதிரி சுற்றியது. கல்யாணத்துக்கு முன்னால் அவன் பார்த்த அதே ஓட்டம்.

செக்போஸ்ட் வந்ததும் ஒவ்வொரு வண்டியிலும் செயின் சின்னச் சக்கரத்துக்கு இறங்கியது. சிலதில் கடகடவென்று, சிலதில் 'ஜ்ஜிக்' என்று. இசைவாணி வண்டியில் மட்டும் சத்தம் வரவில்லை. அவள் கட்டைவிரல் பட்டனுக்குப் பக்கத்தில் போனதை அவன் பார்த்தான். கண் ஒரு தடவை கீழே செயினைப் பார்த்தது. விரல் திரும்பிக் கைப்பிடிக்கே போய்விட்டது. பெரிய சக்கரத்திலேயே மேட்டில் ஏறினாள்.

"அமுக்கு வாணி" என்று கத்தினான். "அமுக்கு, விழாது."

கேட்டதோ கேட்கவில்லையோ. எழுந்து நின்று, கைப்பிடியை இடமும் வலமும் ஆட்டி, ஒவ்வொரு மிதியையும் பிடுங்கிப் பிடுங்கி மிதித்துக்கொண்டு முதல் திருப்பத்தில் மறைந்தாள். மற்றவர்கள் உட்கார்ந்தபடி சளசளவென்று காலைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அந்தப் பெரிய சக்கரத்தோடு மேலே வரைக்கும் போக முடியாது என்பது அருண்பாண்டிக்குத் தெரியும். போனாலும் காலில் ஒன்றும் மிஞ்சாது.

அவன் ரோட்டில் ஓட ஆரம்பித்தான். ஓடி, மூச்சு வாங்கி நடந்து, திரும்ப ஓடினான். ஓடும்போது ஒரே நினைப்புதான். என் கையை நம்பவில்லை. நான் சரி பண்ணிவிட்டேன் என்று சொன்னதை அவள் நம்பவில்லை. அத்தனை தடவை விழுந்தவள் எப்படி நம்புவாள், இது எனக்கு வேண்டியதுதான் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு ஏறினான்.

மேலே போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. ஷாமியானா போட்டு மைக் கட்டியிருந்தார்கள். இசைவாணி ரோட்டோரத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தாள், வண்டி பக்கத்தில் சாய்ந்திருந்தது. தொடை தானாகத் துடித்துக்கொண்டிருந்தது, அதை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள்.

"நாலாவது" என்றாள். "கடைசித் திருப்பம் வரைக்கும் மூணாவதுதான் மாமா. அங்கன கால் நின்னுருச்சு. ஒரு புள்ள பக்கத்துலயே தாண்டிப் போச்சு. ஒரு சக்கர தூரம்தான்."

அவன் அவளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "ஏன் வாணி அமுக்கல? சரி பண்ணிட்டேன்னு சொன்னேன்ல. என் வேலை மேல நம்பிக்கை இல்லையா?"

அவள் அவனை வியப்போடு பார்த்தாள். இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பது போல.

"உங்க வேலையில என்ன சந்தேகம்? நீங்க பண்ணுனா சரியாத்தான் இருக்கும். எனக்கு என் காலு மேலதான் நம்பிக்கை இல்ல. இம்புட்டு நாளும் நாந்தான தப்புத் தப்பா அமுக்கி விழுந்தேன், நீங்கதான சொன்னீங்க. அங்கன வந்ததும் கால எப்ப விடணும், எப்ப அமுக்கணும்னு ஒண்ணும் பிடிபடல. இன்னைக்கு விழுந்தா எல்லாம் போயிரும்ல. அதான் அமுக்காமயே ஏறிட்டேன்."

ஓடி வரும்போது தன்னைத் திட்டிக்கொண்டதெல்லாம் எவ்வளவு சுகமான திட்டு என்று இப்போதுதான் அருண்பாண்டிக்குத் தெரிந்தது. உன் காலுதான் தப்பு என்று அவன் சொன்னதை அவள் நம்பாமல் போயிருந்தால் ஜெயித்திருப்பாள்.

"உன் காலு இல்ல வாணி" என்றான். "உன் கால்ல ஒரு தப்பும் இல்ல. ஒரு போல்ட்ட நான் திருகாம விட்டுட்டேன். பிரேம் கீறிரும்னு பயம். அதுக்கு ஒரு தகடு வைக்கணும்னு எனக்குத் தெரியாது. யார்ட்டயும் கேக்கல. நீ விழுந்தப்பலாம் உன்னையச் சொன்னேன்."

அவள் துடிக்கிற தொடையிலிருந்து கையை எடுத்தாள். "எப்பத் தெரிஞ்சுச்சு?"

"செவ்வாக்கெழம."

"பந்தயத்துக்கு முன்னாடி."

"ஆமா."

இசைவாணி எழுந்து, நொண்டியபடி வண்டியை எடுத்து, கீழே திருப்பம் வரைக்கும் விட்டுக்கொண்டு போனாள். அங்கே திரும்பி மேட்டில் ஏறி வந்தாள். எழுந்து நின்று, காலைத் துளியும் தளர்த்தாமல், மிச்சமிருக்கிற பலத்தையெல்லாம் போட்டு மிதித்துக்கொண்டே பட்டனை அமுக்கினாள். 'ஜ்ஜிக்' என்று செயின் சின்னச் சக்கரத்துக்கு இறங்கியது. அவனைத் தாண்டிப் போய்ப் பெரியதுக்கு ஏற்றிக்கொண்டு, திரும்பவும் கீழே போனாள். திரும்பவும் ஏறி வந்தாள், அதே இடத்தில், அதே முரட்டு மிதியில் அமுக்கினாள். செயின் சரியாக இறங்கியது. ஒவ்வொரு தடவையும் சரியாகவே இறங்கியது. அவள் அழுதுகொண்டே மிதித்தாள், நிறுத்தவில்லை.

ஷாமியானாவில் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு மூன்று பேர் பெயரை வாசித்தார்கள். அவள் அப்போது மறுபடியும் கீழே இறங்கிக்கொண்டிருந்தாள்.